நாற்பது வருடம் பீடி குடித்தவர் இனி விட்டு என்ன பயன்?

“நாப்பது வருசமா குடிச்சாச்சுங்க டொக்டர், இனிமே வுட்டு என்னாங்க ஆகப் போகுது?” மலையகத்தின் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பணியாற்றிய எவரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. சென்ற வாரம் இதைக் கேட்டவர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். விரல் நுனிகள் மஞ்சளேறியிருந்தன, சட்டைப் பையில் பாதி தீர்ந்த பீடிக்கட்டு. அவர் கேட்டதைவிட, உடன் வந்த மகள் “ஆமாங்க, வயசாயிருச்சு” என்று ஒத்துப் பாடியதுதான் என் பொறுமையைச் சோதித்தது.

நுரையீரல் கெட்டால் முழுவதும் ஒரே சீராகக் கெட்டுவிடும் என்பதே இந்தக் கேள்விக்குள் இருக்கும் நம்பிக்கை. அது தவறு. சுவாசக்குழாயின் உட்படலம் வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. படலத்தின் அடியில் இருக்கும் தண்டுக்கலங்கள் பிரிந்து, சளியையும் தூசியையும் மேலே தள்ளும் நுண்ணிய பிசிர்கள் கொண்ட கலங்களையும் சளி சுரக்கும் கலங்களையும் உருவாக்குகின்றன. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி அடித்தண்டிலிருந்து மீண்டும் துளிர்ப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத விடயமல்ல. அந்தத் தண்டுக்கலங்கள் யாவும் ஒரே நிலையில் இருப்பதில்லை என்பதைத்தான் நம்மவர்கள் அறிவதில்லை.

2020ஆம் ஆண்டு ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், 16 பேரின் சுவாசக்குழாயிலிருந்து எடுத்த தனித்தனிக் கலங்களைப் பெருக்கி, 632 கலக்குடும்பங்களின் மரபணுத் தொகுதியை வாசித்தார்கள். புகைப்பவர்களின் கலங்களில் ஆயிரக்கணக்கான கூடுதல் விகாரங்கள், அதாவது மரபணுப் பிழைகள், இருந்ததில் எங்களுக்கு வியப்பில்லை. புகைப்பதை விட்டவர்களிடம் கண்டதுதான் வியப்பு. ஒரே மனிதரின் அடுத்தடுத்த கலங்களில் ஒன்று விகாரங்களால் நிறைந்திருக்க, மற்றொன்று ஒருபோதும் புகைக்காதவருடையதைப் போலவே இருந்தது. அவர்களுடைய கலங்களில் 20 முதல் 40 வீதம் வரை இப்படி அதிகம் கெடாதவை. இன்னும் புகைப்பவர்களிடம் இருந்ததைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. கலம் பிரியப் பிரியக் குறுகும் நிறமூர்த்த முனைகளும் அக்கலங்களில் நீளமாக இருந்தன, அதாவது அவை குறைவாகவே பிரிந்தவை. புகைக்கு அதிகம் சிக்காமல் ஒதுங்கியிருந்த தண்டுக்கலங்கள், புகை நின்ற பின் படலத்தை நிரப்பத் தொடங்குகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பல்லாண்டுகள் புகைத்தவர்களிடமும் இது காணப்பட்டது.

“அப்படியானால் பிறகு விட்டுக்கொள்ளலாம்” என்று இதைத் திரித்துக்கொள்ள வேண்டாம். ஏற்பட்ட விகாரங்கள் அழிவதில்லை. புற்றுநோயைத் தூண்டும் விகாரங்களைச் சுமந்த கலங்களும் அங்கேயே இருக்கின்றன. அழிந்த காற்றுச் சிற்றறைகள் திரும்பி வருவதில்லை. எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது என்று படத்தைத் தூக்கிக் காட்டுகிறீர்களே, கலத்துக்குள் நிகழும் விகாரம் எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது.

பிரித்தானிய வைத்தியர்களை 1951இலிருந்து ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின்படி, தொடர்ந்து புகைத்தவர்களைவிட, 30 வயதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கூடுதல் ஆயுள் கிடைத்தது. 60 வயதில் விட்டவர்களுக்கும் மூன்று ஆண்டுகள் கிடைத்தன. பேரப்பிள்ளை பாடசாலைக்குப் போவதைப் பார்க்க மூன்று ஆண்டுகள் போதாதா, ஐயா?

குறைத்துக் குடிப்பதாகச் சொல்லாதீர்கள், நிறுத்துங்கள். குளிருக்குப் பீடி மருந்தல்ல. விட்ட முதல் சில வாரங்களில் சிலருக்கு இருமலும் சளியும் கூடக்கூடும். பிசிர்கள் மீண்டும் வேலை செய்யத் தொடங்குவதன் அடையாளம் அது, “பீடியை விட்டதால்தான் இருமல்” என்று மறுபடி பற்றவைக்க அதுவொரு காரணமல்ல. கொத்தமல்லித் தண்ணீர் தொண்டைக்கு இதமளிக்கும், நுரையீரலைக் கழுவாது. லயத்து அறையில் விறகடுப்பின் புகையும் சேர்வதால், சமையல் நேரத்தில் யன்னலைத் திறந்து வையுங்கள்.

இருமல் இரண்டு வாரங்களைத் தாண்டினால், சளியில் இரத்தம் கண்டால், குரல் கம்மி மாறாவிட்டால், காரணமின்றி உடல் மெலிந்தால், கடையில் பாணி மருந்து வாங்கி நாளைக் கடத்தாமல் அரசாங்க வைத்தியசாலைக்கு வாருங்கள். சளியைப் பரிசோதித்துக் காசநோயும் இருக்கிறதா என்று பார்ப்போம், கட்டணம் கிடையாது. அப்பாவுக்கு இரக்கப்பட்டுப் பீடிக்கட்டு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளும் உடன் வாருங்கள், உங்களிடமும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.