மார்கழி விடியலில் கப்பல் சங்கு பக்கத்தில் கேட்பது ஏன்?

மார்கழி பிறந்து சில நாள்கள் ஆனதும், காலை ஷிப்டுக்குப் புறப்பட விடிகாலை நாலரை மணிக்கு எழும்போது, வடசென்னையின் காலடிப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டில் துறைமுகத்துக் கப்பலின் சங்கு தெருமுனையில் ஊதுவதுபோல் கேட்கும். துறைமுகமோ எங்களுக்கு நான்கைந்து கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. விடியலில் தெரு அடங்கியிருப்பதால்தான் கேட்கிறது என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஐப்பசி அடைமழையின்போதும் விடியலில் தெரு அடங்கித்தான் கிடக்கிறது. ஆனால் வானம் மூடிக் காற்று வீசும் அந்த நாள்களில் சங்கு காதில் விழுவதில்லை.

சங்கு மிகத் துல்லியமாகக் கேட்கும் நாள்களில்தான் அம்மாவுக்கு ஆஸ்துமா இழுப்பும் அதிகமாகிறது. இரண்டும் ஒரே நாளில் வருவதைப் பல ஆண்டுகள் கவனித்த பிறகே, இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மணலியில் ஓர் ஆலையின் கருவிப் பிரிவில் வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றைக் குறித்து வைப்பதே என் வேலை என்பதால், காரணத்தை வெப்பநிலையில் தேடுவது எனக்கு இயல்பாக வந்தது.

பகல் முழுவதும் வெயிலை வாங்கிய தரை, இரவில் அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானை நோக்கி அனுப்புகிறது. மேகம் இருந்தால் அது அக்கதிர்களை உறிஞ்சி, ஒரு பங்கைத் தரைக்கே திருப்பி அனுப்பிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்த பிறகு திருப்பி அனுப்ப மேகம் இல்லை. இரவும் நீள்கிறது: 13 டிகிரி வட அட்சரேகையில் உள்ள சென்னையில் டிசம்பர் பிற்பகுதியின் இரவு ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம், இது ஜூன் இரவைவிட ஒன்றரை மணி நேரம் அதிகம். வாசலில் நிறுத்திய வண்டியின் சீட்டு மழையே இல்லாமல் நனைந்திருப்பதும் இதனால்தான். சீட்டு தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, அக்காற்றின் ஈரத்தைத் தன்மேல் பனியாகப் படியவைத்துக்கொள்கிறது.

தரை குளிர்ந்தால் அதை ஒட்டிய காற்றும் குளிரும். வழக்கமாக மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்ந்துகொண்டே போகும். சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். காற்றோட்டம் அடங்கிய மார்கழி இரவில், தரையிலிருந்து நூறு இருநூறு மீட்டர் வரை இது தலைகீழாகிவிடுகிறது. கீழே குளிர்ந்த காற்று, மேலே வெப்பமான காற்று. இதனை வெப்பத் தலைகீழ் மாற்றம் என்பார்கள். இதற்குக் கடுங்குளிர் தேவையில்லை. சென்னையின் ஜனவரி விடியல் பெரும்பாலும் 21 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. கீழுக்கும் மேலுக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கே முக்கியம்.

வெப்பமான காற்றில் ஒலி விரைந்து செல்லும்; ஒரு டிகிரி கூடினால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். ஆகவே, மேல்நோக்கிச் செல்லும் ஒலியலையின் மேற்பகுதி முந்திக்கொள்ள, கீழ்ப்பகுதி பின்தங்க, அலை முழுவதுமாகத் தரையை நோக்கி வளைகிறது. தரையில் 21 டிகிரி, நூறு மீட்டர் உயரத்தில் 24 டிகிரி என்று வைத்துக்கொண்டு ஒருநாள் கணக்குப் போட்டேன். நூறு மீட்டர் வரை ஏறிய ஒலி, புறப்பட்ட இடத்திலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் தள்ளித் தரைக்குத் திரும்புகிறது. துறைமுகத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் உள்ள தொலைவை ஒட்டியே விடை வந்ததைக் கண்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. நண்பகலில் தரை கொதிக்க, மேலே காற்று குளிர்ந்திருக்க, ஒலி மேல்நோக்கி வளைந்து எங்கள் தலைக்கு மேலே போய்விடுகிறது.

ஒலியைக் கீழே வளைக்கும் இந்த அடுக்குதான் புகையையும் கீழே நிறுத்துகிறது. சுற்றியுள்ள காற்றைவிட வெப்பமாக இருக்கும்வரைதான் புகை மேலேறும். தலைகீழ் அடுக்கில் ஏற ஏற வெப்பமான காற்றே எதிர்ப்படுவதால் அது விரைவில் நின்றுவிடுகிறது. முனைக் கடையில் இட்லிக்கு மூட்டிய விறகடுப்பின் புகை, கூரையைத் தாண்டாமல், பாய் விரித்ததுபோல் தெரு நெடுகப் படுத்திருப்பதை அந்த நேரத்தில் பார்க்கலாம். டயரும் பழம்பாயும் எரியும் போகியன்று இது எவ்வளவு கொடியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2018 ஜனவரி 13 அன்று மீனம்பாக்கத்தில் விமானங்கள் தரையிறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன; பனிமூட்டமும் போகிப் புகையும் ஒன்றாகத் தேங்கியதே காரணம்.

காற்று முற்றிலும் நின்றுவிடுவதும் இல்லை. கடல்நீர் இரவில் அவ்வளவு குளிர்வதில்லை என்பதால், குளிர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று நகர்கிறது. காசிமேட்டிலிருந்து படகேறிய என் அப்பா அதைக் கரைக்காற்று என்பார். பாய் கட்டிய நாள்களில் அதுவே படகைக் கடலுக்குக் கொண்டுபோகும் என்றும் சொல்வார். அதே காற்று மேற்கேயுள்ள மணலிப் பக்கத்துப் புகையையும் லாரிகள் ஓயாத சாலைகளின் புகையையும் எங்கள் தெருக்கள் வழியாகக் கொண்டுவருகிறது. அதில் 2.5 மைக்ரோமீட்டரைவிடச் சிறிய துகள்கள் உண்டு. தலைமுடியின் தடிமனில் அவை முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கின் வடிகட்டலைத் தாண்டி அவை நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய்கள் அவற்றால் எரிச்சலுற்றுச் சுருங்கும். குளிர்ந்த காற்றும் அதே வேலையைச் செய்யும். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து வாங்குவதைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புவது எனக்கு எளிதாக இருந்ததே இல்லை.

பொழுது விடிந்ததும் காற்று தூய்மையாகிவிடும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அது தவறு. எண்ணூர்ப் பக்கம் உயர்ந்த புகைபோக்கிகளின் புகை, இரவில் தலைகீழ் அடுக்கின் உயரத்தில் நாடா விரித்ததுபோல் கிடையாக நீள்கிறது, கீழே இறங்குவதில்லை. வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று கீழிருந்து புரளத் தொடங்குகிறது. அந்தப் புரளல் புகை கிடக்கும் உயரத்தை எட்டும்போது, இரவெல்லாம் மேலே இருந்த புகை சிறிது நேரம் மொத்தமாகக் கீழே கலக்கிறது. வெயில் மேலும் ஏறி, புரளும் அடுக்கு உயர்ந்த பிறகுதான் புகை நீர்த்துப் பரவும். கடல்காற்று வந்தால் திசையும் மாறும்.

ஆகவே, முன்பு ஏழு மணிக்கே மார்க்கெட்டுக்குப் போய்வந்த அம்மா இப்போது பத்து மணிக்கு மேல்தான் வெளியே போகிறார். ஜன்னலைச் சாத்துவதால் எல்லாத் துகள்களும் நின்றுவிடாது என்றாலும் ஓரளவு குறையும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் எழுவதற்கு முன்பே சில நாள்களில் அவர் குரல் கேட்கிறது: “சங்கு கேக்குதுப்பா, ஜன்னல சாத்திட்டுப் போ.”