தண்ணீரில் ஊறும் களிமண், குப்பைச் சாற்றில் ஊறும் களிமண்

பெண்டோனைட், அதாவது தண்ணீர் பட்டால் உப்பும் களிமண் தூள், மூட்டையாக வந்து இறங்கியதும் எங்கள் லேபில் முதலில் ஒரு சின்னச் சோதனை செய்வோம். 100 மில்லி கண்ணாடிக் குழாய் இரண்டு, ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். நன்றாக உலர்த்திச் சலித்த தூளை ஐந்தைந்து கிராம் போட்டுக் கலக்கி, 24 மணி நேரம் விட்டுவிடுவோம். மறுநாள் வந்து பார்த்தால் தண்ணீரில் போட்டது சப்ஜா விதை மாதிரி ஊறி, உப்பி, பாதிக் குழாய்க்கு மேல் ஏறி நிற்கும். மண்ணெண்ணெயில் போட்டது அடியிலேயே ஒட்டிக் கிடக்கும். ஒரே மூட்டைத் தூள்தான், ஊற்றியதுதான் வேறு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குப்பைக்கிடங்கின் அடியில் நாம் போடும் களிமண் படுகை இந்த உப்பலை நம்பித்தான் இருக்கிறது. 2016இல் வந்த திடக்கழிவு விதிகளில் கேட்டது இது: கீழே 90 செ.மீ. களிமண் அல்லது பதப்படுத்திய மண், அதன்மேல் 1.5 மி.மீ. எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ஷீட், மண்ணின் ஊடுருவல் வேகம் நொடிக்கு ஒரு செ.மீ.யில் கோடியில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. நம் ஊர் டேங்கர் கணக்கில் சொல்கிறேன். ஷீட் கிழிந்துபோய் வெறும் களிமண்தான் காக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு ஏக்கரில் ஆண்டுக்குச் சுமார் ஒன்றேகால் லட்சம் லிட்டர்தான் இறங்கும், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் பத்துப் பதினொன்று. ஊடுருவல் நூறு மடங்கு கூடினால் அதுவே ஆயிரம் டேங்கர். கெட்டுப்போன களிமண்ணில் நூறு மடங்கு நடக்காத விஷயம் இல்லை.

பெங்களூரின் செம்மண் பெரும்பாலும் கயோலினைட் வகை, அவ்வளவாக உப்பாது. அதனால் பல இடங்களில் அது மட்டும் போதாமல் கட்ச், பார்மர் பக்கத்து பெண்டோனைட்டைக் கலக்கிறோம். அடைப்பதெல்லாம் அந்தச் சின்னப் பங்குதான், ரசாயனம் பட்டால் முதலில் கெடுவதும் அதுதான். களிமண் துகள் ஒவ்வொன்றும் மெல்லிய தகடு. தகடுகளுக்கு நடுவே சோடியம் உட்கார்ந்து தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால்தான் மண் உப்புகிறது, தண்ணீர் போக வழி அடைகிறது. மேலிருந்து இறங்கும் குப்பைச் சாற்றில், அதாவது லீச்சேட்டில், கால்சியம், மக்னீசியம், அம்மோனியம், உப்பு எல்லாம் நிறைய. கால்சியம் வந்து சோடியத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் தகடுகள் நெருங்கி, கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடும், எலுமிச்சைச் சாறு விட்ட பால் திரிகிற மாதிரி. கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே விழும் இடைவெளிதான் சாறு இறங்கும் பாதை. கடுமையான ஆசிட் என்றால் தகட்டையே கரைக்க ஆரம்பிக்கும்.

நான் பார்க்கப்போன ஒரு கிடங்கின் ரிப்போர்ட்டில் ஊடுருவல் எண் சரியாகவே இருந்தது. ‘சோதித்த திரவம்’ என்ற கட்டத்தில் மட்டும் ‘குழாய்த் தண்ணீர்’ என்று எழுதியிருந்தது. கேட்டதற்கு, “எல்லாரும் தண்ணியிலதான் சார் பண்றாங்க” என்றார் கான்ட்ராக்டர். அந்தப் படுகையின் மேல் நாளைக்குத் தேங்கப்போவது தண்ணீர் இல்லையே! தண்ணீரில் நாலு நாள் ஓட்டி எண் எடுப்பது சுலபம், சாற்றை ஊற்றி, உள்ளே போகிறதும் வெளியே வருகிறதும் ஒரே மாதிரி ஆகும்வரை ஓட்ட மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை என்பதுதான் என் வருத்தம். ஆனால் ஒன்று, சாறு படுவதற்கு முன்பே படுகையை நல்ல தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, வெயிலில் வெடிப்பு விடாமல் உடனே மூடிவிட்டால் அது எவ்வளவோ தாங்கும். மேலே ஏறும் குப்பையின் எடையும் விரிசலை அமுக்கிப் பிடிக்கும்.

போன மாதம் அல்சூரில் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த திருவண்ணாமலை அண்ணன், பிரஷ் கழுவிய தின்னரை டப்பாவோடு குப்பைக் கூடையில் போட்டார். “அது ஆவியாப் போயிடும் சார்” என்றார். கொஞ்சம் போகும், மீதி கிடங்குக்குப் போகும். அரை லிட்டர் தின்னர் படுகையைப் பிளந்துவிடாது, பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் தின்னரில் இருக்கும் டொலுவீன் போன்றவை கிழிசலே இல்லாத ஷீட்டுக்குள்ளும் மெதுவாக ஊறி மறுபக்கம் போய்விடும். ஷீட்டும் களிமண்ணும் அவற்றைத் தாமதப்படுத்துமே தவிர முழுதாக நிறுத்தாது. இங்கே பெங்களூரில் மாவள்ளிபுரா கிடங்கு 2012இலும் மண்டூர் கிடங்கு 2014இலும் நின்றபிறகு, கைவிட்ட கல்குவாரிகளிலும் குப்பை கொட்டினார்கள். குவாரிப் பாறையில் வெடிப்பு இருக்கும், போர்வெல்லுக்குத் தண்ணீர் வருவதும் பாறை வெடிப்பு வழியாகத்தான்.

தின்னர், டைல்ஸ் ஆசிட், பூச்சிமருந்து, பேட்டரி, டியூப்லைட், இவற்றை ஈரக் குப்பையோடும் உலர் குப்பையோடும் சேர்க்காமல் தனியாகக் கட்டிக் கொடுங்கள். உங்கள் ஏரியா பக்கம் கிடங்கு வருகிறது என்று கூட்டம் போட்டால், படுகை எத்தனை அடி என்று மட்டும் கேட்காதீர்கள், எந்தத் திரவத்தில் சோதித்தீர்கள் என்றும் கேளுங்கள். எங்கள் லேபில் இப்போது மூன்றாவதாக ஒரு குழாய் வைக்கிறோம், அதில் வடிகட்டிய குப்பைச் சாறு. பெரும்பாலும் அது தண்ணீர்க் குழாயின் உயரத்தை எட்டுவதில்லை.