230 வோல்ட் தரையிலேயே நிற்கட்டும்

மதுரைக்குப் பக்கத்தில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் எர்த் குழி தோண்டியவர்களுக்குத் தெரியும், சில அடி போவதற்குள் கடப்பாரை ‘ணங்’ என்று பாறையில் இடிக்கும். பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்காக வீட்டில் டவர் நிறுத்துகிறவர் முதலில் காது கொடுக்க வேண்டியது அந்தச் சத்தத்துக்குத்தான்.

டவர் உச்சிக்குக் கரண்ட் தேவைப்படும். ஆன்டெனாவைத் திசை திருப்பும் ரொட்டேட்டர், மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப், சிலர் வைக்கும் கேமரா எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. “மேலே ஒரு ப்ளக் பாயின்ட் வெச்சுட்டா முடிஞ்சதுண்ணே” என்பார் வயரிங் செய்ய வந்த தம்பி. ஆனால் சித்திரை வெயிலில் வயரின் தோல் வெடிக்கும். அணில் வேறு கடிக்கும். என்றைக்காவது ஒருநாள் ஃபேஸ் இரும்பைத் தொட்டுவிடும்.

தொட்டால் ட்ரிப்பர் விழாதா? பெரும்பாலும் விழாது. டவரில் கசிகிற மின்சாரம் எர்த் குழி வழியே மண்ணில் இறங்கி, தெரு டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்துக்குத் திரும்ப வேண்டும். காய்ந்த பாறை மண்ணில் நம் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். ட்ரிப்பர் என்று நாம் சொல்லும் 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது ஒரு ஹீட்டர் ஓடுகிற மாதிரி. அது அசையாது. டவரோ கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டோடு நிற்கும். மழை விட்ட ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து ஒரு குழந்தை அதைப் பிடித்தால் என்ன ஆகும்? உடம்பில் 10 மில்லிஆம்பியர் அளவுக்குப் பாய்ந்தாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டி நீடித்தால் இதயத் துடிப்பே குலையலாம்.

கசிவைக் கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சான ஆர்சிசிபி பார்க்கிற கணக்கு வேறு. கடையில் பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்றே கேட்பார்கள். அதற்குள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே காந்த வளையத்தின் நடுவே போகின்றன. போனதும் திரும்பியதும் சமமாக இருந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். வழியில் 30 மில்லிஆம்பியர் மண்ணுக்குப் போய்விட்டால், மிஞ்சிய புலம் ஒரு சிறு சுருளில் மின்சாரத்தைத் தூண்டி சுவிட்சைத் தள்ளிவிடும். 11.5 ஆம்பியர் கசிவென்றால் 40 மில்லிவிநாடிக்குள் துண்டிப்பு. எர்த் சுமாராக இருந்தாலும் அது வேலை செய்யும், அதனால்தான் நம் ஊர்ப் பாறைக்கு அது ஏற்றது. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

அதையும் மீறி என் முடிவு ஒன்றுதான்: 230 வோல்ட் மேலே ஏறக்கூடாது. ரொட்டேட்டர்கள் பல 24 வோல்ட்டிலேயே ஓடுகின்றன. டிரான்ஸ்ஃபார்மரைக் கீழே, வீட்டுக்குள் வையுங்கள். அதில் இரண்டு சுருளும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒரே சுருளால் ஆன ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் உதவாது.

வோல்ட்டைக் குறைத்தால் இழப்பு கூடும் என்பதும் உண்மை. 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் போக வர முக்கால் ஓம் தடை. 60 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்பினால் 5 ஆம்பியர் ஓடும், ஏறக்குறைய 3.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 48 வோல்ட்டில் அனுப்பினால் இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் கீழே. ப்ரீஆம்புக்குத் தனி வயரே வேண்டாம். ரேடியோ சிக்னல் வரும் கோஆக்ஸ் கேபிளிலேயே 12 வோல்ட் டிசியையும் அனுப்பலாம். முனையில் கெபாசிட்டர் டிசியைத் தடுத்து சிக்னலை விடும், காயில் சிக்னலைத் தடுத்து டிசியை விடும்.

ஐப்பசி இடிக்கு முன்னால் ஆர்சிசிபி ஒன்றும் செய்யாது. 20,000 ஆம்பியர் மின்னல் அந்த 20 ஓம் குழியில் இறங்கினால் டவர் 4 லட்சம் வோல்ட்டுக்கு எகிறும். வீட்டு எர்த் தனியாக இருந்தால், அந்த வித்தியாசம் கோஆக்ஸ் வழியே ரேடியோவுக்குள் பாய்ந்து வீட்டு வயரிங்கைத் தேடும். ஆகவே டவர் எர்த்தையும் வீட்டு எர்த்தையும் தடித்த செம்புப் பட்டையால் இணைத்தே ஆகவேண்டும். டவர் கேபிள்கள் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் திடீர் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டர்களும் வேண்டும்.

டவரில் ஏறும்முன் டவர் லைனின் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கீழே இருப்பவர் மறந்துபோய் சுவிட்சைப் போட்டாலும் மேலே கரண்ட் வராது.