சோலாருக்கு முன்பணம் கொடுக்கும் முன் இ.பி. கார்டில் யார் பெயர் என்று பாருங்கள்

எங்கள் தெருவில் பாதி வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு வந்துவிட்டது. 2023 மார்ச்சில் சென்னையில் கேஸ் சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசுக்குப் போனபோது பலர் வாங்கினார்கள். அந்த ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய் குறைந்த பிறகும் யாரும் அதைப் பரணில் போடவில்லை. 2021 ஜூலையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியதிலிருந்து பேட்டரி ஸ்கூட்டர்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

இதனால் செலவு குறைந்ததா என்றால், இடம் மாறியிருக்கிறது. ஒரு சிலிண்டர் செய்கிற சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறக்குறைய 130 யூனிட் ஓடும். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கில் கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடும். ஒரே ஒரு யூனிட் கூடினாலும் பில் எகிறும். அந்த பில்லைப் பார்த்து மலைத்து உட்கார்ந்திருக்கும்போதுதான் சோலார் நோட்டீஸ் கண்ணில் படுகிறது.

திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.எம். சூர்ய கர் என்பது 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டம். வீட்டு மாடியில் 1 கிலோவாட் சோலார் போட்டால் 30,000 ரூபாய் மானியம். 2 கிலோவாட்டுக்கு 60,000. மூன்றும் அதற்கு மேலும் எவ்வளவு போட்டாலும் 78,000தான். 2026-27 நிதியாண்டு வரை அறிவித்திருக்கிறார்கள்.

திட்டத்தின் பெயரில் ‘இலவச மின்சாரம்’ என்று இருக்கிறது. இந்தத் திட்டத்தில் அரசு உங்களுக்கு ஒரு யூனிட்டும் இலவசமாகத் தருவதில்லை. மாதம் 300 யூனிட் இலவசம் என்று விளம்பரத்தில் வருவது, உங்கள் மாடியில் நீங்கள் காசு போட்டு வைத்த சோலார் பலகை தரக்கூடியது பற்றிய கணக்கு. ஒரு கிலோவாட் நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட ஏறக்குறைய 2 லட்சம் ஆகிறது. மானியத்தைக் கழித்தாலும் ஒரு லட்சத்துக்கு மேல் உங்கள் கைக்காசு. இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஓட்டுகிற வீட்டுக்கு வருவதே சில நூறு ரூபாய் பில். அவர்களுக்கு இது வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். விற்பவர் சொல்ல மாட்டார்.

தகுதியைப் பற்றி ‘சொந்த வீடு, சொந்தக் கூரை, மின் இணைப்பு’ என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். சிக்கிக்கொள்கிறவர்கள் அத்தனை பேரும் அந்த வரியில்தான் சிக்குகிறார்கள்.

முதல் சிக்கல் பெயர். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, கணவர் இறந்து ஆறு வருடம். இணைப்பு இன்னும் அவர் பெயரில். விற்பனைக்காரர் “அதெல்லாம் பார்த்துக்கலாம்மா” என்று 40,000 முன்பணம் வாங்கிப் பலகையும் ஏற்றிவிட்டார். விண்ணப்பம் இறந்தவர் பெயரில் போயிருக்கிறது. மானியம் வர வங்கிக் கணக்கு வேண்டும், இறந்தவருக்கு ஏது கணக்கு? பெயர் மாற்றப் போனால் வாரிசுச் சான்று கேட்டார்கள். அதை வாங்கிக்கொண்டு போனால் சொத்து வரி ரசீது பழைய பெயரில் இருக்கிறதே என்றார்கள். அதை மாற்றிவிட்டுப் போனால் மகன்களின் சம்மதக் கடிதம். இந்த மூன்றையும் முதல் நாளே ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா?

ஆகவே பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். இன்ஷியல் முன்னே பின்னே இருந்தாலும் இ.பி., ஆதார், பாஸ்புக் மூன்றையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கட்டண வகை. வீட்டு உபயோக இணைப்புக்குத்தான் மானியம். கீழே கடை, மேலே வீடு என்றால் எந்த இணைப்பு எண்ணைக் கொடுக்கிறீர்கள் என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். மாடிக்கு ஓர் இணைப்பு, கீழே ஓர் இணைப்பு என்று இருந்தால் சோலார் ஒன்றோடுதான் சேரும். பில் அதிகம் வருகிற எண்ணைக் கொடுங்கள். முன்பே மத்திய அரசின் சோலார் மானியம் வாங்கிய வீட்டுக்கு மறுபடி கிடையாது.

பழைய இணைப்புகளில் ஒப்பளிக்கப்பட்ட மின்சுமை, அதாவது அந்த இணைப்புக்கு அனுமதித்த லோடு, 1 கிலோவாட் என்று இருக்கும். 3 கிலோவாட் கேட்டால், “லோடு ஏற்றிவிட்டு வா” என்று திருப்பி அனுப்புவார்கள். 2024-இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். அதற்கேற்ற மின்சுமை உயர்வை மின் நிறுவனமே செய்ய வேண்டும். 5 கிலோவாட் வரை டிரான்ஸ்பார்மர், லைன் பலப்படுத்தும் செலவும் அவர்களுடையது. இதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம், நான் பார்த்திருக்கிறேன்.

இனி விற்பனைக்காரர். இந்தத் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவான நிறுவனமா என்று நீங்களே தேடிப் பாருங்கள், அவர் காட்டும் சான்றிதழை நம்பாதீர்கள். விண்ணப்பம் உங்கள் செல்போன் எண்ணில்தான் போக வேண்டும். “நாங்களே போட்டுத் தருகிறோம் சார்” என்று தங்கள் எண்ணில் பதிந்துவிடுகிறார்கள். பிறகு ஓ.டி.பி. எல்லாம் அவருக்கே போகும். நடுவில் மனக்கசப்பு வந்து வேறு ஆளை மாற்ற நினைத்தாலும் அவர் கையைத்தான் பிடிக்க வேண்டும்.

பலகை, அதற்குள் இருக்கும் செல் இரண்டுமே இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். இதை டி.சி.ஆர். என்பார்கள். டி.சி.ஆர். அல்லாதது விலை குறைவு, பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதைப் போட்டுவிட்டால் மானியம் கிடையாது. கொட்டேஷனிலும் பில்லிலும் ‘டி.சி.ஆர்.’ என்ற சொல்லும் பலகைகளின் வரிசை எண்களும் இருக்க வேண்டும். ஐந்து வருடப் பராமரிப்பு விற்றவர் பொறுப்பு. அதையும் எழுதி வாங்குங்கள்.

மானியம் எல்லாம் முடிந்த பிறகே உங்கள் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகைக்கும் நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும். பொதுத்துறை வங்கியில் 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாமல் 2 லட்சம் வரை கடன் உண்டு. வட்டி, ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு அரை சதவீதம் கூட்டியது. கிளையில் “அப்படி ஒன்று வரவில்லை” என்றால் வாதாட வேண்டாம். அரசின் கடன் விண்ணப்பத் தளமான ஜன் சமர்த்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு அந்த எண்ணோடு போங்கள், பேச்சின் தொனி மாறும். விற்பனைக்காரருக்குத் தரும் பணத்தில் கடைசிப் பகுதியை, இருவழி மீட்டர் (உள்ளே வரும் மின்சாரத்தையும், மிஞ்சி வெளியே லைனுக்குப் போவதையும் தனித்தனியாக எண்ணுவது) மாட்டிய பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முழுப் பணமும் கைக்குப் போய்விட்டால் அவர் உங்கள் போனை எடுப்பது அபூர்வம்.

அந்த மீட்டரில்தான் அதிகம் பேர் காத்துக் கிடக்கிறார்கள். “ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க.” அடுத்த வாரம் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ஃபீல்டில் இருப்பார். ரூஃப்டாப் சோலாரை இயக்கத்துக்குக் கொண்டுவர விதி தரும் காலம் 15 நாள். இந்த இடைவெளியில் ‘சும்மா ஆன் பண்ணிப் பார்ப்போம்’ என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். பழைய மீட்டர்களில் சில, வெளியே போகும் மின்சாரத்தையும் நீங்கள் செலவழித்ததாகவே எண்ணும். சோலார் வைத்த மாதத்தில் பில் இரட்டிப்பான வீட்டை எனக்குத் தெரியும்.

கரண்ட் போனால் சோலார் ஓடும் என்று நினைத்து இன்வெர்ட்டரை விற்றுவிடாதீர்கள். பேட்டரி இல்லாத இந்த அமைப்பு, லைனில் மின்சாரம் இல்லையென்றால் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வெயில் கொளுத்தும் பகலிலும் மின்விசிறி சுற்றாது.

புகாரை வாயால் சொல்வது வீண். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-இல் பதிந்து புகார் எண் வாங்குங்கள். அசையவில்லை என்றால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுதுங்கள், வக்கீல் வேண்டாம். முதல் பில் வந்ததும் உள்ளே வந்த யூனிட், வெளியே போன யூனிட் இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். வெளியே போனது பூஜ்யம் என்று இருந்தால் அதே வாரம் எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அந்த ஆபீஸ் படியை விட்டு இறங்காதீர்கள்.