மீள்தன்மையா, துளிர்திறனா?

மழைக்காலம் தொடங்குமுன் லயத்துக்கு (தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புக்கு) மேலேயுள்ள வடிகான்களைத் துப்புரவாக்கும் சிரமதானம் ஒன்றுக்காக ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் கட்டியிருந்த பதாகையில், ‘தன்னார்வலர்கள் ஒன்றிணைந்து மீள்தன்மையும் நிலைபேறும் கொண்ட தீவுச் சமூகத்தைக் கட்டியெழுப்புவோம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிடும் கவ்வாத்து வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “மீள்தன்மைன்னா என்னா தம்பி, திரும்பவும் இந்த லயத்துக்கே வந்துருங்கன்னு சொல்றாங்களா?” என்று கேட்டார். ‘தீவுச் சமூகம்’ என்றதை அவர் யாழ்ப்பாணத்து நெடுந்தீவுப் பக்கத்து விடயமாக எடுத்துக்கொண்டது வேறு கதை. அறிக்கைகளிலும் பயிற்சிப் பட்டறைகளிலும் ரெசிலியன்ஸ் (resilience) என்பதற்கு ஈடாக இந்த ‘மீள்தன்மை’யைக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்த எனக்கு, அவருடைய கேள்வியைவிடச் சரியான மறுப்பு இதுவரை கிடைக்கவில்லை.

ரெசிலியன்ஸ் என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர், பின்னோக்கித் துள்ளுதல் என்று பொருள்படும் இலத்தீன் வினை. பொறியியலில் அது வளைந்த பொருள் பழைய வடிவத்துக்கு வருவதைக் குறித்தது. பின்னர் உளவியலுக்கும் சூழலியலுக்கும் அனர்த்த முகாமைத்துவத்துக்கும் சென்றது. மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வேரைப் பிடித்துக்கொண்டார்கள். சொல் நடந்து வந்த வழியைப் பார்க்கவில்லை.

கனடாச் சூழலியலாளர் ஹொலிங் 1973இல் எழுதிய கட்டுரைதான் சூழலியலில் இச்சொல்லுக்கு இன்றைய பொருளைத் தந்தது. குலைவுக்குப் பின் பழைய சமநிலைக்குத் திரும்புவதற்கு அவர் வைத்த பெயர் உறுதிநிலை. ரெசிலியன்ஸ் என்று அவர் சொன்னது, அதிர்ச்சியையும் மாற்றத்தையும் உள்வாங்கிக்கொண்டு அற்றுப்போகாமல் தொடரும் ஆற்றலை. ஆக, அவர் பிரித்து வைத்த இரண்டில் எது ரெசிலியன்ஸ் இல்லையோ அதையே ‘மீள்தன்மை’ என்று நாம் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு கோளாறும் உண்டு. மீள்தன்மை என்பது உயர்தர பௌதிகவியல் படித்த எவருக்கும் தெரிந்த சொல். இழுத்த கம்பி, இழுவை நின்றதும் பழைய நீளத்துக்கு வரும் பண்பு அது. அங்கே அதற்கு ஒரு குறையுமில்லை, அங்கேயே இருக்கட்டும். ஓர் ஊரைப் பற்றிப் பேசும்போது அதே சொல்லைப் போட்டால் மாணவன் கம்பியைத்தான் நினைப்பான். ‘நோயிலிருந்து மீண்டான்’ என்கிறோமே, மீளுதலுக்குத் தப்பி வெளியேறுதல் என்ற பொருளும் இல்லையா என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். இருக்கிறது, ஆனால் எதிலிருந்து என்று சொல்லும்போதுதான் அந்தப் பொருள் துலங்குகிறது. அதைக் கழற்றிவிட்டு ‘மீள்’ என்பதை மட்டும் முன்னே ஒட்டினால், மீள்பரிசீலனை, மீள்பதிப்பு, மீள்குடியேற்றம் என்று ‘பழையபடி’ என்ற பொருளே முந்திக்கொள்கிறது. மீள்குடியேற்றம் என்றால் விட்டுவந்த சொந்த நிலத்துக்குத் திரும்பிப் போவது என்று இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிய பிறகு, அதே சரிவின் அடியில் அதே லயத்துக்குத் திரும்புவதை யார் ஆற்றல் என்பார்கள்? அந்தப் பெரியவர் கேட்டதும் இதைத்தான்.

தமிழ்நாட்டார் எழுதும் ‘மீள்திறன்’ வாலை மாற்றியதே தவிர தலையை மாற்றவில்லை. ‘தாங்குதிறன்’ அதைவிட மோசம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களிடம் வந்து, இன்னும் தாங்கிக்கொள்ளப் பயிற்சி தருகிறோம் என்பது போல் அது ஒலிக்கிறது. பாலம் தாங்கட்டும், மக்களை ஏன் தாங்கச் சொல்லவேண்டும்?

நான் முன்வைப்பது துளிர்திறன். இதைத் தேடி நிகண்டுக்குப் போகவில்லை. தேயிலை மலைக்குத்தான் போனேன். உயரத்தைப் பொறுத்து 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து பண்ணுவார்கள். கத்தி பட்ட மலையைப் பார்த்தால் வெறுங்கட்டைகள்தான் தெரியும். சில வாரங்களில் கட்டையில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் புடைத்துத் துளிர்விடும். வெட்டிய கிளை திரும்பி வருவதில்லை, புதுக்கிளை வேறிடத்திலிருந்து கிளம்புகிறது. அதற்கு வேண்டிய உணவு வேரில் முன்பே சேர்ந்திருக்கவேண்டும். அதனால்தான் கவ்வாத்துக்கு முன் வேரை நறுக்கி அயடீன் விட்டுப் பார்க்கிறார்கள். கருநீலமானால் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் செடியை ஆறவிடவேண்டும், இல்லையேல் கட்டை பட்டுப்போகும். அன்று நாங்கள் கான்களில் அடைந்திருந்த மண்ணை வாரியதும் வேரில் சத்துச் சேர்க்கும் வேலைதான். ‘மீள்’ என்ற சொல்லில் இந்த முன்னேற்பாட்டின் சாயலே இல்லை.

இந்த மலைகளின் வரலாறும் இதற்குத்தான் சான்று சொல்கிறது. 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டு அத்தொழில் படிப்படியாக அழிந்தபோது தோட்டங்கள் கோப்பிக்கு மீளவில்லை. தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் நட்டிருந்த தேயிலைக்கு மாறின. (அந்த மாற்றத்தின் சுமையை யார் சுமந்தார்கள் என்பது தனியே எழுதவேண்டியது.)

இலக்கணத்திலும் இடறல் இல்லை. துளிர் என்னும் வினையடி திறனோடு சேர்ந்து, தாங்குதிறனைப் போலவே வினைத்தொகையாக நிற்கிறது. துளிர்திறன் மிக்க ஊர், துளிர்திறனை வளர்த்தல் என்று வேண்டியபடி வளைக்கலாம். இது கவிதைச் சொல், அறிக்கைக்குப் பொருந்தாது என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் சொன்னார். கொழுந்தையும் துளிரையும் நாள்தோறும் கிலோக்கணக்கில் நிறுத்துக் கொடுக்கிறவர்களுக்கு அது கவிதைச் சொல்லா என்று அவர் தோட்டத்துக்கு வந்து விசாரிக்கலாம். கலைச்சொற்பட்டியலில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பதாகைதோறும் மீள்தன்மையை அச்சிடுகிறவர்கள், பதாகைக்குக் கீழே நிற்பவர்களிடம் ஒருமுறையாவது வாசித்துக் காட்டியிருப்பார்களா என்பது சந்தேகமே.

அன்று மாலை, தேத்தண்ணீர் குடிக்கும்போது, துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் அந்த வாசகத்தை இப்படி மாற்றி எழுதி ஏற்பாட்டாளரிடம் கொடுத்தேன்: ‘எந்த இடரிலும் பட்டுப்போகாமல் துளிர்க்கும், நெடுங்காலம் நிலைக்கும் இலங்கையைத் தொண்டர்கள் நாம் கூடிக் கட்டுவோம்.’