அழாத குழந்தைக்கும் வலிக்கும்

இனி பிழைக்காது என்று தெரிந்துவிட்ட பச்சிளங்குழந்தையைப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்லையே, வலி இருக்காது இல்லையா?" என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் தப்பில்லை, ஆனால் வார்டில் வேலை செய்யும் நாமும் சில நேரம் அப்படியே நினைத்துவிடுகிறோம், அதுதான் பிரச்சினை. ரொம்ப நோயுற்ற, அல்லது ரொம்ப முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அழவே தெம்பு இருக்காது. வாயில் சுவாசக் குழாய் போட்டிருந்தால் அழுதாலும் சத்தம் வராது. அதனால் முகத்தையும் உடலையும் பாருங்கள்: சுருங்கும் புருவம், இறுக மூடிய கண், விறைத்து விரியும் விரல்கள், கூடும் இதயத்துடிப்பு. எதுவுமே இல்லாமல் துவண்டு கிடந்தாலும் வலி இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது.

1980கள் வரை பல இடங்களில் பச்சிளங்குழந்தைகளுக்குப் போதுமான வலிமருந்து இல்லாமலே அறுவை சிகிச்சை நடந்தது. 1987இல் ஆனந்த் என்ற மருத்துவரின் குழுவினர், அறுவை சிகிச்சையின்போது ஃபென்டனில் என்ற வலுவான வலிமருந்து கொடுத்த குறைமாதக் குழந்தைகளுக்கு உடலில் ஏற்படும் அழுத்த விளைவுகளும் சிக்கல்களும் குறைவு என்று காட்டிய பிறகுதான் எண்ணம் மாறத் தொடங்கியது. உண்மையில் குறைமாதக் குழந்தைக்கு வலி கூடுதலாகவே உறைக்கும், வலியை மட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகள் அப்போது முழுதாக வளர்ந்திருப்பதில்லை.

மார்ஃபின் என்ற வலிமருந்தைக் கொடுத்தால் சாவு சீக்கிரம் வந்துவிடுமோ என்ற பயம் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டுமல்ல, டாக்டர்களுக்கும் உண்டு. அறிகுறியைப் பார்த்து, அளவாக, படிப்படியாகக் கூட்டினால் அது வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கத்தான் செய்கிறது. உயிரை எடுப்பது நோய். ஊசி போட ரத்தநாளம் கிடைக்கவில்லையா, கன்னத்தின் உட்புறத்திலோ மூக்கிலோ கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, அதற்காகக் குழந்தையைத் திரும்பத் திரும்பக் குத்தாதீர்கள். சர்க்கரைக் கரைசல் சின்ன ஊசி வலிக்குச் சரி, தொடர்ந்து இருக்கும் வலிக்குப் போதாது. இன்னொன்று, தசைகளைத் தளர்த்தும் மருந்தை வலிமருந்து என்று குழப்பிக்கொள்ளவே கூடாது. அது குழந்தையை அசையாமல் வைக்கும், அவ்வளவுதான். துன்பம் உள்ளே அப்படியே இருக்கும், வெளியே தெரியாது.

அப்புறம், நிறுத்தவேண்டியவை. வழக்கமான ரத்தப் பரிசோதனை, அலாரம், கண்ணில் அடிக்கும் விளக்கு எதுவும் இனி தேவையில்லை. அம்மாவின் மார்போடு தோல் படச் சேர்த்துப் படுக்கவைக்கலாம், உதட்டில் தாய்ப்பால் தொட்டு வைக்கலாம்.

வென்டிலேட்டரை எடுத்தபின் நிமிடங்களா, மணிக்கணக்கா, நாள்கணக்கா என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசியில் இடைவெளி விட்டு விட்டு ஏங்கி மூச்சு வரலாம், அதைப் பார்த்துப் பெற்றோர் துடித்துப்போவார்கள். அது பெரும்பாலும் மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டின் அனிச்சைச் செயல் என்பதை குழாயை எடுப்பதற்கு முன்பே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள், தேவைப்பட்டால் கொடுக்க வேண்டிய மருந்தையும் அப்போதே எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.