வானம் தோண்டும்போது பானை ஓடு தென்பட்டால்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களான அழகன்குளம், ஆற்றங்கரை, பெரியபட்டினம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினாலும் இறால் பண்ணைக்கு ஜேசிபி இறக்கினாலும் பானை ஓடு வரும். சில சமயம் காசும் வரும். நான் அகழாய்வு வேலையில் இருப்பதால் கொண்டுவந்து காட்டுவார்கள். "சார், இது எத்தனை வருஷத்துப் பழசு?" என்பார்கள். எங்கே, எவ்வளவு ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்று நான் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. அப்புறம் நான் சொல்வதற்கும் அதிகம் இருக்காது.

நடந்து முடிந்ததை யாரும் திரும்பப் போய்ப் பார்க்க முடியாது. மிஞ்சிய தடயத்தை வைத்து ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகத்துக்குப் பிடிமானம் பொருளில் பாதி, அது கிடந்த மண்ணடுக்கில் பாதி.

அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை 1986-87 முதல் பலமுறை அகழாய்வு செய்திருக்கிறது. 4ஆம் நூற்றாண்டு ரோமச் செப்புக்காசுகள் அங்கே கிடைத்தன. இந்தக் காசுகள் பலவும் விரல் நகம் அளவுதான். அரசன் முகம் தெரிந்தால் காசு அடித்த காலம் தெரியும். மண்ணில் விழுந்த காலம் தெரியாது. கைமாறிக் கைமாறித் தேய்ந்து, நூறு வருஷம் கழித்தும் விழுந்திருக்கலாம். ஆனால், பிற்காலத்தில் யாரும் குழி வெட்டிக் கலைக்காத அடுக்கில் அது கிடந்தால், அந்த அடுக்கு காசுக்கு முந்தியதாக இருக்க முடியாது. அங்கே கூடக் கிடந்த உள்ளூர்ப் பானை ஓட்டுக்கும் அப்படித்தான் காலம் கணிக்கிறோம். காசை உருவி எடுத்துவிட்டால் இத்தனையும் போச்சு. இதைவிட மோசம், புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவருவது. பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும்.

பொருள் மாறாமலே அதன் கதை மாறுவதும் உண்டு. உள்பக்கம் சிறு சிறு கீறல்கள் வட்டமாக ஓடும் மெல்லிய ரௌலட்டட் ஓடு அழகன்குளத்திலும் கிடைக்கிறது. 1945இல் புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டைத் தோண்டிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இந்த வகையை மத்தியதரைக்கடல் சரக்கு என்று எண்ணினார். இந்திய மண்ணில் செய்ததுதான் என்று பிந்திய களிமண் ஆய்வுகள் காட்டின. ஓடுகள் பத்திரமாக, கிடைத்த இடத்தின் பதிவோடு இருந்ததால்தான் மறுபடி கேள்வி கேட்க முடிந்தது.

கிடைக்காததையும் யோசிக்க வேண்டும். ஓலைக் குடிசையும் வத்தைப் படகும் வலையும் இந்த உப்புக்காற்றில் மக்கிவிடும். காசும் ஓடும் நிற்கும். இங்கே வியாபாரிதான் வாழ்ந்தான், வலைக்காரன் இல்லை என்று யாராவது முடிவுகட்டினால் அது மண்ணின் ஓரவஞ்சனை. சொல்லப்போனால் எங்கள் ஆட்களும் இதில் சறுக்குவார்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஓடு கிடைத்ததாலேயே நிலம் கையை விட்டுப் போய்விடாது. பயந்து மூட வேண்டாம். ஆனால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். தோண்டுவதை நிறுத்துங்கள். பொருளைத் தொடாமல், பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து, குழியின் பக்கச் சுவரும் தெரியும்படி செல்போனில் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்து வீட்டில் வைத்திருந்தால் கழுவாதீர்கள். எந்த நிலம், எத்தனை அடி ஆழம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே போட்டு வையுங்கள். சர்வே எண்ணும் இருந்தால் இன்னும் நல்லது.